ஏழாம் நாற்காலி மறுத்த நாள்

ஏழாம் நாற்காலி நான்கு வருடத்தில் ஒரு தடவைகூட ‘முடியாது’ என்று சொன்னதில்லை. இவ்வளவு சாதுவான விவசாயியை உலகத்தில் எங்கே பிடித்தார்கள் என்று யாராவது யோசித்திருக்க வேண்டாமா? யோசிக்கவில்லை. ஆமாம் சாமி போடுகிறவனிடம் போய் ஏனப்பா ஆமாம் போடுகிறாய் என்று யார் கேட்பார்கள்?

டாக்டர் ஜெயரூபி கேட்டாள். அதுவும் காலம் போன காலத்தில், ஆட்சிமன்றக் கூட்டத்துக்கு முந்தின நாள் கேட்டாள்.

திருச்சுழிக்குத் தெற்கே, கருவேலங்காட்டுக்கு நடுவில் வேலி போட்டு நிற்கும் பன்னாட்டுப் புன்செய் தானிய நிலையத்துக்கு அவள் இயக்குநர். குதிரைவாலி, வரகு, தினை, சாமை என்று சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்து சேகரித்த விதை வகைகள் எல்லாம் அங்கே குளிர் அறையில் தூங்குகின்றன. நிலையத்தை ஆள்வது ஓர் ஆட்சிமன்றம். முன்பு அதில் ஆறே நாற்காலிகள். ஆறிலும் பணம் கொடுப்பவர்கள். எந்தப் பயிரை ஆராய்வது, எதைக் கைகழுவுவது என்பதில் எல்லாம் அவர்கள் வைத்ததுதான் சட்டம். பணத்தை நீட்டும்போதே இன்னதற்குத்தான் என்று முடிச்சுப் போட்டு நீட்டுவார்கள். உலகம் முழுக்கத் திட்டு வாங்கிக் காது புளித்த பிறகு சீர்திருத்தம் என்று ஒன்று வந்தது. ஏழாவதாக ஒரு நாற்காலி, அதில் விவசாயி. அவர் மறுத்தால் எந்தத் தீர்மானமும் செல்லாது.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. எந்த விவசாயி என்ற கேள்வி வந்ததும் வேலையைக் காட்டினார்கள். ஓர் ஆளை உட்கார வைத்தால் அது ஓர் ஊரின் குரலாகிவிடுமாம். அதனால் இந்த வட்டாரத்து மக்கள் பேசிய பதிவுகளை எல்லாம் ஓர் இயந்திரத்துக்கு ஊட்டி, எல்லாரும் கலந்த ஒரே குரலைச் செய்து, நாற்காலியின் முதுகில் ஒலிபெருக்கியாகப் பொருத்திவிட்டார்கள்.

அதைக் கட்டியவர் சாதிக் அலி. இளையான்குடிக்காரர், தலை பாதி நரைத்த பொறியாளர். தான் செய்த பொருளை யாராவது குறை சொன்னால் முகம் சுண்டிப்போகும்.

“நீங்களே கேட்டுப் பாருங்க மேடம்,” என்றார், காலியாகக் கிடந்த கூட்ட அறையில்.

நாற்காலி பேசியது. ஆண் என்றும் சொல்ல முடியாத, பெண் என்றும் சொல்ல முடியாத கரகரத்த குரல்.

“வாங்கம்மா, வாங்க. வெயில்ல வந்திருக்கீக. தண்ணி குடிக்கிறீகளா?”

எப்போதும் இப்படித்தான் ஆரம்பிக்கும். வெள்ளைக்காரர்களுக்கு இந்த வரி ரொம்பப் பிடித்துப்போய், நிலையத்தின் விளம்பரப் படங்களில் எல்லாம் சேர்த்துவிட்டார்கள்.

“குடிக்கிறேன்,” என்றாள் ஜெயரூபி. “குளிர் அறையில இருக்குற விதை எல்லாத்தையும் வடபுலப் பயிர் நிதியத்துக்கு எழுதிக் கொடுக்கச் சொல்றாங்க. அப்புறம் அதுல ஒரு பிடி வேணும்னாலும் அவங்க அனுமதி வாங்கணும். என்ன சொல்றீங்க?”

“நல்லதுதேம்மா. நீங்க படிச்சவுக, பாத்துத்தேன் செய்வீக.”

“இல்ல, கொடுக்க வேண்டாம்னு நெனைக்கிறோம்.”

“அதுவும் நல்லதுதேன்.”

ஜெயரூபிக்கு எரிச்சல் மூக்குக்கு மேல் ஏறியது. “உங்க காட்டுல எல்லாம் உப்பைக் கொட்டிட்டு, வெளையுதா இல்லையான்னு பாக்கப் போறோம்.”

“பாருங்கம்மா. ஆபீசரு சொன்னா ஒரு காரணம் இருக்கும்.”

“இதென்ன கூத்து சாதிக்? தலையாட்டிப் பொம்மையைச் செஞ்சு வெச்சிருக்கீங்களா?”

“பழுது எதுவும் இல்ல மேடம்,” என்றார் சாதிக், முகம் சுண்டி. “பதிவுல இருக்குறதுதான் வருது. முப்பது வருஷமா ஜீப்புல போய் மைக்கை நீட்டிக் கேட்ட பேட்டி அத்தனையும் உள்ள இருக்கு. அத்தனை பேரும் எல்லாத்துக்கும் நல்லதுன்னுதான் சொல்லியிருக்காங்க.”

“சொல்லத்தான் செய்வாங்க. எங்க பக்கம் வீடு தேடி வந்தவங்களை வெறுங்கையோட அனுப்ப மாட்டாங்க. ஒரு கலர் சோடா வாங்கிக் கொடுப்பாங்க. கேட்டு வந்த ஆளு முகம் வாடக் கூடாதுன்னு கூடவே ஒரு ‘ஆமா’வும் கொடுப்பாங்க. அது உபசாரம். அதைப் போய்ச் சம்மதம்னு எடுத்துக்கிட்டீங்களே.”

“நீங்கன்னு சொல்லாதீங்க மேடம். பேட்டி எடுத்துக் கொடுத்தது உங்க நிலையம். நான் கட்டிக் கொடுத்தவன், அவ்வளவுதான்.”

அவள் ஒரு சுற்று அறையை நடந்துவிட்டு வந்து கேட்டாள். “இதுக்குள்ள சண்டை எதுவும் இருக்கா?”

“நெறைய இருக்கு. பேச்சு வழக்கு பிடிபடணும்னு கண்மாய்த் தகராறு, ரோட்டு மறியல், பயிர்க் காப்பீட்டுக் கூட்டத்துல நாற்காலி பறந்தது, பேட்டி முடிஞ்சதும் மைக் அணையுறதுக்குள்ள தங்களுக்குள்ள முணுமுணுத்ததுன்னு எல்லாத்தையும் ஊட்டினேன். ஆனா அது எதுவும் வெளிய வர்றதே இல்ல. கேக்குற ஆளு விருந்தாளியா இருக்குற வரைக்கும் இது ஒரே பாட்டைத்தான் பாடுது.”

“விருந்தாளியா இல்லேன்னா?”

“அதை நான் எப்படிச் செஞ்சு பாக்குறது? உங்க ஊர் வழக்கம். உங்களுக்குத்தான் தெரியணும்.”

ஜெயரூபிக்குத் தெரிந்திருந்தது. அவள் அம்மாவின் ஊரில் வரப்புச் சண்டைக்கு வருகிறவர்கள் வாசலில் எப்படி நிற்பார்கள் என்பது அவளுக்கு நன்றாகவே தெரியும். விளக்கை அணைத்துவிட்டு வெளியே வந்தாள்.

நிலையத்தில் அவளோடு முகம் கொடுத்துப் பேச ஆள் கிடையாது. நிதியத்தின் தீர்மானம் நிறைவேறினால் பத்து வருடத்துக்குச் சம்பளம் நிச்சயம் என்று ஊழியர்களுக்கு வாய்மொழியாகச் சொல்லப்பட்டிருந்தது. குறுக்கே நிற்பது இயக்குநர் மட்டும்தான் என்பதும் சொல்லப்பட்டிருந்தது. கேன்டீனில் அவள் உட்கார்ந்த மேசையை எல்லாரும் சுற்றிக்கொண்டு போனார்கள். போகட்டும். விதையை வாங்கும்போது ஊர்க்காரர்களிடம் அவள் சொன்ன வார்த்தை ஒன்றே ஒன்று: இது உங்களுடையது, நாங்கள் பத்திரமாக வைத்திருக்கிறோம். அந்த வார்த்தையை இப்போது விலைக்குக் கேட்கிறார்கள்.

மறுநாள் கூட்டம் கூடியது. தலைவர் ஒகெல்லோ உகாண்டாக்காரர்; கூட்டத்தை நடத்துபவர், அந்த ஏழு நாற்காலியில் சேராதவர். சட்டப்புத்தகத்தை விட்டு ஓர் அங்குலம் நகராத மனிதர்; அதனாலேயே அவரைக் கண்டால் எல்லாருக்கும் பயம். அவருக்கு வலப்பக்கம் வடபுல நிதியத்தின் மார்கிட் ஹோல்ம். சிரித்தபடியே கழுத்தை அறுக்கத் தெரிந்த அம்மாள். பின்வரிசையில் நிலையத்து ஊழியர்கள். எல்லார் காதிலும் மொழிபெயர்க்கும் கருவி. அது தமிழை அவரவர் மொழிக்கு மாற்றும்; வெளிநாட்டார் யார் பேசினாலும் தமிழ்க் காதுகளுக்கு மேடைத் தமிழில்தான் பேசும்.

“மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களே,” என்றது ஹோல்மின் வாயசைவுக்குக் கருவி, “தங்கள் நிலையம் நீடூழி வாழ வேண்டும் என்பதே எங்கள் அவா. விதைகள் பாதுகாப்பான கைகளுக்கு மாறுகின்றன. இதில் தாங்கள் வருந்துவதற்கு என்ன இருக்கிறது?”

“அடிமடியிலயே கை வைக்கிறீங்க. வருந்தாம என்ன செய்ய?” என்றாள் ஜெயரூபி.

ஆறு கைகளும் தீர்மானத்துக்கு உயர்ந்தன. இனி ஏழாம் நாற்காலி சம்மதம் என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. அதற்கு முன் நிலைய இயக்குநர் அந்த இருக்கையிடம் பேசலாம் என்று சட்டம் இருந்தது. யாரும் பேசியதில்லை. ஜெயரூபி எழுந்து நாற்காலிக்கு எதிரே போய் நின்றாள்.

“வாங்கம்மா, வாங்க. வெயில்ல வந்திருக்கீக. தண்ணி குடிக்கிறீகளா?”

“வேண்டாம். உங்க வீட்டுத் தண்ணி எனக்கு வேண்டாம். நான் விருந்தாளியா வரல, சண்டைக்கு வந்திருக்கேன்.”

கோர்ட்டில் கேஸ் நடத்துகிற பங்காளிகள்கூட நீட்டிய தண்ணீரை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டுத்தான் பேச்சை ஆரம்பிப்பார்கள், அந்தப் பக்கத்தில். வேண்டாம் என்றால் உனக்கும் எனக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்று அர்த்தம்.  பின்வரிசையில் சாதிக் பாதி எழுந்துவிட்டார்.

“என்னத்தா சொன்ன?” என்றது குரல். வாங்க போங்க எல்லாம் போன இடம் தெரியவில்லை.

ஜெயரூபி விடவில்லை. “காது கேக்கலையா? அப்பன் பாட்டன் காலத்து வெதைய எவனோ எழுதிக் குடுங்கன்னு கேக்கான், நீங்க ஈன்னு பல்லக் காட்டிக்கிட்டு நிக்கீக. வெக்கமா இல்ல?”

“யாரு பல்லக் காட்டுனது? வெதை ஒரு பிடி வேணும், பாத்துட்டுப் பத்திரமா வெச்சிருக்கோம்னு வாசல்ல வந்து நின்னீக. குடுத்தோம். அதுக்கு இப்ப எவனோ பட்டா கேக்கானாக்கும்?”

“தலைவர் அவர்களே,” என்று ஹோல்ம் எழுந்தார், “இது கருத்துக் கேட்பது அன்று, தூண்டிவிடுவது.”

ஒகெல்லோ சட்டப்புத்தகத்தைப் புரட்டினார். “ஏழாம் இருக்கை பேசும்போது யாரும் குறுக்கிடலாகாது. விதி அப்படி.” பிறகு நாற்காலியைப் பார்த்து முறைப்படி கேட்டார். “விதைகளை நிதியத்துக்கு மாற்றும் தீர்மானத்துக்கு இருக்கை சம்மதிக்கிறதா?”

“சம்மதமா? செருப்பு பிஞ்சிரும்.”

கருவி அதை எப்படி மொழிபெயர்த்ததோ, ஆறு பேரும் குனிந்து தங்கள் கால்களைப் பார்த்துக்கொண்டார்கள். ஒகெல்லோவுக்கு மட்டும் விஷயம் புரிந்துவிட்டது. “இருக்கை மறுக்கிறது. தீர்மானம் விழுந்தது,” என்றார்.

ஜெயரூபிக்குக் குப்பென்று வியர்த்தது. சந்தோஷம் என்றால் அப்படி ஒரு சந்தோஷம். ஹோல்மின் முகத்தை ஆசை தீர ஒரு தடவை பார்த்துவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பினாள்.

“எங்கத்தா போற? ஒன்கிட்ட இன்னும் முடிக்கல.”

அவள் நின்றாள்.

“நீ மட்டும் யோக்கியமா? இந்த வேலிக்குள்ள கெடக்கிற நெலம் எங்க மந்தை. எங்க ஆடு மேஞ்ச எடம். ஆராய்ச்சி பண்ணப் போறோம், ஒங்களுக்குத்தேன் நல்லதுன்னீக. என்ன நல்லதக் கண்டோம்? சுடரு சுடருன்னு ஒரு குதிரவாலி குடுத்தியே, அத எவன் வெதச்சான்?”

“எல்லாரும் வெதச்சீங்க,” என்றாள் ஜெயரூபி. குரல் அவளுக்கே கேட்கவில்லை. சுடர் அவள் உருவாக்கிய ரகம். அதற்குத்தான் விருது கொடுத்தார்கள். அதைக் காட்டித்தான் இந்தப் பதவி கிடைத்தது. “நானே வீடு வீடா வந்து கேட்டேனே. அமோகமா வெளஞ்சதுன்னு சொன்னீங்களே.”

“பெறகு, வெயில்ல அலஞ்சு வந்து கேக்குற புள்ளகிட்ட என்னன்னு சொல்ல? மொத வருசம் வெதச்சோம். அந்த வைக்கோல மாடு மோந்துகூடப் பாக்கல. கருதுல மணி இருந்து என்ன செய்ய, மாட்டுக்கு என்னத்தப் போட? மறுவருசமே பழைய வெதைக்குப் போயிட்டோம். நீ வந்து கேட்டப்ப முகம் வாடக் கூடாதுன்னு வெளஞ்சதுன்னோம். அத நெசம்னு எழுதிக்கிட்டுப் போயி மாலை போட்டுக்கிட்ட.”

 நேற்று சாதிக்கிடம் உபசாரத்தைப் பற்றி வாய் கிழியப் பேசினாளே, அப்போது தன் வீட்டுக் கதவை அது தட்டும் என்று ஒரு நொடி நினைத்தாளா? எல்லாருக்கும் பொய் சொன்னவர்கள் தனக்கு மட்டும் உண்மை சொன்னதாகத்தான் நம்பினாள். 

ஹோல்ம் மெதுவாக எழுந்தார். சிரிப்பு திரும்பி வந்திருந்தது.

“தலைவர் அவர்களே, ஒரு விளக்கம் தேவை. இருக்கையின் பேச்சு மக்களின் உண்மைக் குரலா, இயந்திரத்தின் பழுதா என்று சான்றளிக்கும் பொறுப்பு இயக்குநருக்கு உரியது. பழுது என்றால் அந்த மறுப்பும் பழுது. தீர்மானம் நிறைவேறும், நிலையம் வாழும். அன்றி அது உண்மை என்றால் சுடர் ரகம் பொய். பொய்யான அறிக்கையைக் காட்டிப் பெற்ற நிதியை நாங்கள் அனைவரும் நிறுத்த நேரிடும். இயக்குநர் அவர்கள் தயைகூர்ந்து சொல்லட்டும்.”

பின்வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் ஜெயரூபியைப் பார்த்தார்கள். அவர்களில் ஒருவருக்கும் அவளைப் பிடிக்காது. ஆனாலும் அந்த நிமிடம் அவர்கள் கண்களில் இருந்தது கெஞ்சல்தான். பழுது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சாதிக் அலிகூட மறுத்துப் பேசமாட்டார். அவள் பேரும் தப்பும், அவர்கள் சோறும் தப்பும். விதை மட்டும் போகும்.

சொல்லிவிடத்தான் அவளுக்கு ஆசை. பொய்யில்லை, வாய் வரைக்கும் வந்தது. ஆனால் எதிரே அந்த நாற்காலி, மாடு மோந்துகூடப் பார்க்காத வைக்கோலைப் பற்றிப் பேசிய நாற்காலி, அவளையே முறைத்துக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. இத்தனை வருடத்தில் அந்த வட்டாரத்திலிருந்து அவளுக்குக் கிடைத்த முதல் நிஜத் தகவல் அதுதான்.

“பழுது இல்ல,” என்றாள். “இப்பப் பேசுறதுதான் நெசம். இவ்வளவு நாள் பேசினதுதான் பழுது.”

பின்னால் யாரோ வாய்விட்டுத் திட்டினார்கள். பெண் குரல். ஜெயரூபி திரும்பிப் பார்க்கவில்லை.

நிதியை நிறுத்துவதாக ஆறு பேரும் ஒருவர் பின் ஒருவராகச் சொன்னார்கள். ஒகெல்லோ எழுதிக்கொண்டார். நிதி நின்றதால் விதிப்படி நிலையம் தானாகவே மூடப்படுகிறது, இயக்குநர் பதவி இந்த நிமிடத்தோடு முடிகிறது என்று வாசித்தார். முடிந்தது என்று ஹோல்ம் பையை எடுத்தபோது ஒகெல்லோ கையை உயர்த்தினார்.

“உட்காருங்கள். இதுவரை பேசியது பழுது என்று சான்று வந்துவிட்டது. அப்படியானால் நான்கு வருடமாக இந்த இருக்கை தந்த சம்மதம் எதுவும் செல்லாது. ஒவ்வொன்றையும் மறுபடி கேட்க வேண்டும். விதி.”

ஹோல்மின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. நான்கு வருடத்தில் நிதியங்கள் இந்த மன்றத்தின் பெயரால் வாங்கிக்கொண்ட காப்புரிமைகள் கொஞ்சமா நஞ்சமா?

“மொதல்ல இருந்து படிங்க,” என்றது நாற்காலி.

ஒகெல்லோ பழைய கோப்பைத் திறந்தார். “முதல் தீர்மானம். விவசாயிகளுக்கு உரிய ஏழாம் இருக்கையில், அவர்களுக்குப் பதிலாக, அவர்களது பேச்சிலிருந்து தயாரித்த இக்குரலை அமர்த்துவது. இருக்கை சம்மதிக்கிறதா?”

“எங்களுக்குப் பதிலா எதுக்கு?” என்றது குரல். “நாங்க என்ன செத்தா போயிட்டோம்? இந்தா, சொவருக்கு அங்கிட்டுத்தேன் இருக்கோம். ஒரு சத்தம் குடுத்தா வர மாட்டமா? எங்க பேச்ச அள்ளிக் கொண்டாந்து எங்க நாக்காலியிலயே பூட்டி வெச்சிருக்கீக. சம்மதமில்ல. எடுத்துருங்க இத.”

ஒகெல்லோ பேனாவை மூடினார். சாதிக்கைப் பார்த்தார். சாதிக் எழுந்து வந்து, தன் கையால் கட்டியதைத் தன் கையாலேயே கழற்றினார். அவர் கண் கலங்கியிருந்தது. கோபமா வருத்தமா என்று தெரியவில்லை.

“ஏழாம் இருக்கை காலியாக இருக்கிறது,” என்றார் ஒகெல்லோ. “அது நிரம்பும்வரை இந்த மன்றம் எதையும் தீர்மானிக்க முடியாது. விதை ஒரு மணிகூட இங்கிருந்து நகராது. அவர்களை யார் அழைத்து வருவது?”

யாருக்கும் அவர்களைத் தெரியாது. கடைசியில் எல்லாரும் ஜெயரூபியைத்தான் பார்த்தார்கள்.

அவள் வெளியே வந்தாள். வெயில் மண்டையைப் பிளந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் ஊர்க்காரர்கள், கருவேல விறகைச் சுட்ட கரிமூட்டத்தைப் பிரித்து, மூட்டை கட்டி, ஒரு லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் சோலையப்பன் அவளுக்குப் பழக்கமானவன். சுடர் கணக்கெடுப்பில் முதல் ஆளாகப் பேட்டி கொடுத்தவன். அவளைக் கண்டதும் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தான்.

“என்னம்மா இந்த வெயில்ல? சொல்லி விட்டா வந்திருப்பம்ல?”

“உள்ள கூட்டம் நடக்குது. நாற்காலி காலியா கெடக்கு. உங்கள்ல யாராவது வந்து உக்காந்தாத்தான் ஒரு முடிவு எடுக்க முடியும். வர்றீங்களா?”

“அதுக்கென்னம்மா, வந்துட்டாப் போச்சு. நல்ல விசயந்தேன்.”

சொன்னானே தவிர நின்ற இடத்திலிருந்து ஓர் அடி எடுத்து வைக்கவில்லை. பின்னால் இருந்தவர்களும் நல்லது நல்லது என்று தலையை ஆட்டிவிட்டு அங்கேயே நின்றார்கள். ஜெயரூபிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

“சோலையப்பன், நான் இப்ப ஆபீசர் இல்ல. நிலையத்தை மூடியாச்சு. சுடரை நீங்க யாரும் வெதைக்கலேன்னும் எனக்குத் தெரிஞ்சு போச்சு. முகத்துக்காக எதுவும் சொல்ல வேண்டாம்.”

சோலையப்பன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். திரும்பித் தன் ஆட்களைப் பார்த்தான். கையில் பிடித்திருந்த துண்டை உதறி மறுபடி தலையில் கட்டிக்கொண்டான்.

“மூடியாச்சா? அப்பச் சரி. லாரிக்காரன் நிக்கிறான், பொழுதுக்குள்ள மூட்டைய ஏத்தி விடணும். முடிவு எடுக்கணும்னு அவுகளுக்குத்தான அவசரம்? இங்க வரச் சொல்லுத்தா.”

அதைச் சொல்வதற்காக ஜெயரூபி வந்த வழியே திரும்பி நடந்தாள்.